கொட்டிலடிக் கேள்வி பதில்

இந்த முறை பதினொரு கடிதம். இரண்டு பேர் கவிதை அனுப்பியிருந்தார்கள், ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். மிச்சத்தில் ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரைப் பக்கம் இருப்பவள். ஒரு ஏக்கர் மேட்டுக்காணி, ஒன்றரை ஏக்கர் வயல். இன்றைய கணக்குக்கு இரண்டு பசு, ஒரு நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு), ஏழு ஆடு, இருபதுக்கு மேல் கோழி. மிருக வைத்தியம் படித்தவள் இல்லை. பட்டறிந்ததைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் வவுனியா நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நெடுங்கேணியில் கணவரின் தாயார் ஒரு ஏக்கர் காணி தந்திருக்கிறா. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அங்கே போய்க் குடியிருக்க எண்ணம். இரண்டு பசு, பத்து ஆடு, ஐம்பது கோழி, நடுவில் தோட்டம் என்று கணவர் கொப்பியில் படம் கீறி வைத்திருக்கிறார். எதில் தொடங்குவது?
– ஒரு தங்கை, வவுனியா

தங்கச்சி, அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். மூன்று வருடம் கழித்து இரண்டு பேரும் எடுத்துப் பார்த்துச் சிரிக்கலாம். 2011இல் நாங்கள் இடம்பெயர்வு முடிந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபோது எங்கட அவரும் பன்னிரண்டு மாட்டுக்குத் தொழுவம் கீறினவர்தான். அன்றைக்குக் கையில் இருந்தது ஒரு மண்வெட்டி, ஆறு தகரம்.

முதலில் போகிற நாளை மாற்றுங்கள். சித்திரைக்குப் பிறகு என்றால் கோடைக்குள் நேரே போய் விழுகிறீர்கள். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) அடித்து நிலத்தைக் காயவைக்கும். ஆவணியில் ஒரு தடவை போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். பின்னேரம் பத்து வாளி அள்ளிவிட்டு, விடியப் போய் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு பசு நாளுக்கு 30, 40 லீற்றர் தண்ணீர் குடிக்கும். ஆவணிக் கிணறு தாங்குகிற அளவுதான் உங்கள் பட்டி. மார்கழியில் கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு நிறைந்து நிற்கும்போது மாடு வாங்கினவர்கள் பலர் ஆடியில் விற்றிருக்கிறார்கள், பாதி விலைக்கு.

இரண்டாவது வேலி. ஐப்பசி முதல் மழையோடு கதியால் (ஊன்றினால் தளிர்த்து வேலியாகிற தடி) போடுங்கள். கிளுவை, பூவரசு, இடையிடையே கிளிசரியா, முள்முருங்கை. முட்கம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டுங்கள். ஆனால் முட்கம்பி குழை தராது. இன்றைக்கு ஊன்றுகிற கதியால்தான் இரண்டு வருடத்தில் ஆட்டுக்குச் சாப்பாடு. வேலி குழைக்கிறதுக்கு முன்னம் ஆடு வாங்கினால் அது அயல் வளவுக் கத்தரியைத்தான் தின்னும், பிறகு அயலோடு பேச்சுவார்த்தை இருக்காது.

மூன்றாவதாகத்தான் உயிர். ஐந்து நாட்டுப் பேடு, ஒரு சேவல். போதும். ஒரு பேடு அடைக்கு விழுந்தால் பத்துப் பன்னிரண்டு முட்டை வையுங்கள். ஏழாம் நாள் இரவு ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல நரம்பு தெரிந்தால் கரு, தெளிவாக இருந்தால் கூழ்முட்டை. 21ஆம் நாள் குஞ்சு. அதற்குப் பிறகு காகம், பருந்து, கீரி, உடும்பு என்று பங்காளிகள் வந்துவிடுவார்கள். பன்னிரண்டு பொரித்து ஐந்து தப்பினால் நீங்கள் கெட்டிக்காரர்.

முட்டைக்காக மட்டும் கோழியில் தொடங்கச் சொல்லவில்லை. கோழியை மம்மல் பொழுதில் அடைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும், ஆறு மணிக்கு. கலியாண வீடு, செத்த வீடு, மழை, காய்ச்சல், எதுவானாலும் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு நானும் அவரும் ஒன்றாகப் போய்ப் பதினாலு வருடம். ஒரு வருடம் ஆறு மணிக்கு வீட்டில் நிற்க உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு மறி (பெட்டை) ஆடு. பசு அதற்கும் பிறகு.

கேள்வி: மரவள்ளி இலையை ஆட்டுக்குப் போடலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பச்சையாக வேண்டாம். அதில் சயனைட்டு நஞ்சு உண்டு. வெட்டி ஒன்றிரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, மற்றக் குழையோடு கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாம். எங்கள் அயலில் கிழங்கு பிடுங்கின அன்று ஆடு இரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பச்சைத் தழையில் விழுந்தது. மூச்சு வாங்கி, கால் பின்னி, வாயால் நுரை தள்ளி, ஆள் ஓடி வருகிறதுக்குள் முடிந்துவிட்டது. மழையில்லாமல் குறண்டி நிற்கிற இறுங்கு என்ற சோளப் பயிருக்கும் இதே புத்திதான்.

கேள்வி: எங்களிடம் நாலு நாட்டு மாடு. "நாட்டு மாடு காட்டில் கிடந்து வளர்ந்தது, அதுக்கு என்ன கொட்டில்" என்கிறார் கணவர். மாரிக்கு மட்டும் ஒரு கூரை போடச் சொல்லி நான் கேட்கிறேன். யார் சொல்வது சரி?
– வாசகி, துணுக்காய்

நீங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் வையுங்கள்.

2022 டிசம்பர் மாதம் மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுப் பக்கம் போனது. எங்களுக்குக் கரை தட்டவே இல்லை. ஆனால் அந்த இரண்டு நாள் வாடைக்காற்றும் தூறலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளையும் ஆடுகளையும் கொன்றது. நோயோ என்று பயந்து இந்தப் பக்கத்து இறைச்சியை வெளியே கொண்டுபோகக் கூடத் தடை போட்டார்கள். நோய் இல்லை, குளிர். எல்லாம் காட்டில் கிடந்து வளர்ந்த நாட்டு மாடுகள்தான்.

அன்று எங்களிடம் மூன்று பசு. இரண்டு பழைய கொட்டிலுக்குள் நின்றன. வெள்ளைச்சி கன்று போட்டுப் பன்னிரண்டு நாள். கொட்டிலுக்குள் நெரிசல் என்று அதைப் புளியமரத்தடியில் கட்டினது நான். வேறு யாரும் இல்லை, நான்தான். விடிய நாலரைக்குப் போனேன். அது முன்னங்காலை மடித்து, தலையை ஒரு பக்கம் சரித்துப் படுத்திருந்தது. காதைப் பிடித்தேன், கிணற்றடிக் கல்லைத் தொட்டது போல இருந்தது. எழும்ப எத்தனித்தது, பின்புறம் தூக்கியது, முன்னுக்கு வரவில்லை. கன்று அதன் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உயிர்த்தெம்பு உள்ள கன்று என்றால் விரலை உடனே சூப்பும், வாய் சூடாக இருக்கும். இதன் வாய் குளிர்ந்துபோய் இருந்தது, நாக்கு அசையவில்லை.

கன்றைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். சாக்கால் தேய் தேய் என்று தேய்த்தோம். மகள் அடுப்பை மூட்டினாள். சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி விலாவோடு வைத்தோம். வாய் குளிர்ந்த கன்றுக்கு உடனே பால் பருக்கக் கூடாது, விழுங்கத் தெரியாது, நெஞ்சுக்குள் போய்விடும். முக்கால் மணித்தியாலம் கழித்து என் பெருவிரலைச் சூப்பியது. பிறகுதான் பால், அதுவும் மற்றப் பசுவில் கறந்தது. நாங்கள் கன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் வெள்ளைச்சி போய்விட்டது. அவர் அதன் மேல் போர்த்த சாக்கு நனையவும் இல்லை. அந்த நேரம் மழை விட்டிருந்தது.

கன்று தப்பியது. பேத்தி அதற்குப் "புயல்" என்று பெயர் வைத்தாள். மேலே சொன்ன நாகு அதுதான்.

உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியது இது. நாட்டு மாட்டுக்கு மயிர் கட்டை, தோல் மெல்லிசு. கோடை முழுக்கக் காய்ந்த புல்லைத் தின்று மேலில் சதை இல்லாமல்தான் மாரிக்குள் வருகிறது. அந்த நேரம் பார்த்துக் காலபோகம் (மாரி நெற்செய்கை) தொடங்கிவிடும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இன்ன திகதிக்கு முன் மாட்டைக் கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். மேய்ச்சல் தரவையெல்லாம் வயலாகிவிட்டது, மிச்சத்துக்கு எல்லைக்கல் போட்டாயிற்று. மேய்ச்சலுக்கு என்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் ஆட்களுக்கு வாய் உளைந்துவிட்டது. ஆக, மாடு கயிற்றில், வயிறு பாதி, முதுகில் மழை. ஈரமும் காற்றும் அரைவயிறும் சேர்ந்தால் ஒரு இரவு போதும்.

பெரிய கொட்டில் தேவையில்லை. நாலு பாலை மரக் கால், மேலே தகரமோ கிடுகோ. வாடை வருகிற வடகிழக்குப் பக்கத்தை மட்டும் நிலம் வரை மறையுங்கள், மற்றப் பக்கம் திறந்தே இருக்கட்டும். நிலத்தை அரை அடி உயர்த்திக் கிறவல் (சரளை மண்) போடுங்கள், தண்ணீர் நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கோல். மாட்டின் வயிற்றுக்குள் வைக்கோல் புளிக்கும்போது சூடு பிறக்கும், மாட்டுக்கு அடுப்பு அதுதான். சிறுபோக (கோடை நெல்) அறுவடையில் வைக்கோலை வயலில் எரிக்காமல் கட்டிக் கொண்டுவந்து உயரத்தில் அடுக்குங்கள். வாடை அடிக்கிற இரவு படுக்கப் போகும் முன் ஒரு பெரிய அணைப்புப் போட்டுவிட்டுப் போங்கள். கன்றுகளை வீட்டுக்குள் எடுங்கள். விறாந்தை நாறும். நாறட்டும்.

கேள்வி: ஒரு கிழமையில் பதினாறு கோழி செத்துவிட்டது. பச்சையாகக் கழிகிறது, கழுத்தைத் திருகிக்கொண்டு சுழல்கிறது. மஞ்சளும் உள்ளியும் அரைத்துக் கொடுத்தோம். வேறு என்ன மருந்து?
– வாசகர், மாங்குளம்

இது ராணிக்கெட் என்ற கோழி நோய் போலத்தான் இருக்கிறது. (இந்தியாவில் ஒரு மலையூரின் பெயர். அந்த ஊர்க்காரருக்கு என்ன பாவமோ!) வந்த பிறகு மருந்தில்லை. மஞ்சள் உள்ளி கறிக்கு நல்லது. செத்ததை ஆழமாகப் புதையுங்கள், சுண்ணாம்பு போடுங்கள். இழுத்துக்கொண்டு நிற்பதை அவசரமாக வெட்டி விற்கிற வேலை வேண்டாம், ஊர் முழுக்கப் பரவுவது அப்படித்தான். தப்பினவற்றை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்குப் புதுக்கோழி கொண்டுவராதீர்கள்.

வருமுன் தடுப்பு உண்டு, கண்ணில் சொட்டு விடுவது. சிக்கல் எங்கே என்றால், மருந்துப் போத்தல் நூற்றுக்கணக்கான கோழிக்கு அளவாகத்தான் வரும். பன்னிரண்டு கோழிக்காரர் அதற்காக மிருக வைத்தியர் கந்தோருக்குப் போக வெட்கப்படுவார். கரைத்தால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், வைத்திருக்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் பதினேழு வீடு. எல்லோரும் முதல் நாள் பின்னேரம் கோழியைக் கூட்டில் அடைத்து வைத்திருப்போம். ஒருவர் விடிய ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு போய் எடுத்து வருவார், வீடு வீடாகச் சொட்டு விட்டு எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். வெயிலில் சைக்கிள் கூடைக்குள் போட்டுக் கொண்டு வந்தால் அது மருந்தில்லை, வெறும் தண்ணீர். முதல் வருடம் நாங்கள் செய்த பிழை அதுதான். எல்லாக் கோழிக்கும் விட்டோம், எல்லாம் செத்தது.

கேள்வி: குரங்குக்கு என்னதான் செய்வது?
– கிளிநொச்சி, ஒட்டுசுட்டான், வவுனிக்குளம் வாசகர்கள்

வெடி போட்டோம், நாய் வளர்த்தோம், வலை கட்டினோம், கண்ணாடி தொங்கவிட்டோம். கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு மாங்காய் பறித்தன. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் அவரவர் வளவில் நிற்கிற குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லி நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? படிவமும் பேனையுமாக நானும் நின்றேன். அன்று ஒன்றும் வரவில்லை. எட்டேகாலுக்கு வந்து பப்பாசியை முடித்துவிட்டுப் போனது.

எங்கள் வளவில் அவை தொடாதவை: மஞ்சள், பாகல், கொச்சிக்காய், கருணைக்கிழங்கு. வேலி ஓரம் முழுக்க அவைதான் வைத்திருக்கிறேன். நடுவில் வைக்கிற கத்தரியில் பாதி வரும்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது. ஒரு கிடாய்க்குட்டியைப் போத்தல் பால் கொடுத்து வளர்த்தாள். தீபாவளிக்கு முன்னம் வியாபாரி வந்து கொண்டு போய்விட்டார், எங்களுக்குக் காசுத் தேவை. பிள்ளைக்குக் "காட்டுக்குள் ஓடிவிட்டது" என்று சொன்னோம். இப்போது பள்ளிக்கூடத்தால் வந்ததும் காட்டோரம் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். என்ன செய்வது அக்கா?
– ஒரு தகப்பன், மல்லாவி

தம்பி, இதை வாசித்து முடிக்கிறதுக்கு முன்னம் பிள்ளையைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். மனது ஒரு பக்கம், அந்தக் காட்டோரம் பின்னேரம் யானை இறங்குகிற இடமாக இருந்தால்?

அழுவாள். உங்களோடு இரண்டு மூன்று நாள் கதைக்க மாட்டாள். கதைக்காமல் இருக்கட்டும். என்ன விலைக்குப் போனது, அந்தக் காசில் என்ன வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கடன் என்றால் என்ன என்று தெரியும், வன்னிப் பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

என் மகளுக்கும் இதே வயதில் இதே கதை. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து விற்றேன். அது பொய்யை விட மோசம் என்று அவள் இப்போது, தனக்கே ஒரு பிள்ளை இருக்கிற காலத்தில், சொல்கிறாள். "நான் அதுக்கு ஒரு பிடி குழையாவது குடுத்து அனுப்பியிருப்பன் அம்மா" என்கிறாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆடு விற்கிற நாள் எல்லோருக்கும் முதலே தெரியும். தராசில் தொங்கவிடும்போது பார்க்க விரும்புகிறவர் பார்க்கலாம், விரும்பாதவர் கிணற்றடிக்குப் போகலாம்.

இன்னொரு சட்டமும் வைத்தோம்: மறிக்குப் பெயர் வைக்கலாம், கிடாய்க்கு இல்லை, நம்பர் மட்டும். பேத்தி இப்போது "ரெண்டாம் நம்பர்" என்று கூப்பிட்டால் ஒரு கிடாய் ஓடிவருகிறது. அதை எப்படி விற்பது என்று எனக்கே தெரியவில்லை.

கேள்வி: கணவர் கட்டாரில். இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் மாமியோடும் இருக்கிறேன். மாமியின் சீதனப் பசுவின் வழியில் வந்த ஒரு பசு நிற்கிறது. கன்றுக்கு விட்டது போக ஒன்றரை லீற்றர் பால். விடிய நாலு மணிக்கு எழும்புகிறேன், பின்னேரம் குளக்கட்டில் புல்லு வெட்டப் போகிறேன். இடுப்பு நோகிறது. விற்கலாம் என்றால் "லட்சுமி போய்விடும்" என்கிறா மாமி. பெயர் போட வேண்டாம்.

பிள்ளை, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் உங்கள் வேலையைக் கூட்டிப் பார்த்தேன். கறவை, கொட்டில் கூட்டுவது, தண்ணீர், புல்லு, அவிழ்ப்பது கட்டுவது: நாளுக்கு மூன்றரை மணித்தியாலம், ஞாயிறும் இல்லை, நல்ல நாளும் இல்லை. ஒன்றரை லீற்றர் பாலுக்கு. நாட்டுப் பசுவுக்கு அந்தப் பால் குறையில்லை, பசுவில் பிழை சொல்ல முடியாது. வேலை செய்கிற கை இரண்டுதான் என்பதுதான் கணக்கில் இடிக்கிறது.

விற்கவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம். ஆள் உள்ள வீடாகப் பார்த்து வளர்க்கக் கொடுங்கள். நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்லது. பேச்சை முதலே தீர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கன்று ஒன்று அவர்களுக்கு, அடுத்தது உங்களுக்கு. ஊசி மருந்துச் செலவு பாதிப் பாதி. விடிய ஒரு போத்தல் பால் உங்கள் பிள்ளைகளுக்கு. மாரிக்கு மறைப்பு இருக்க வேண்டும், அதைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மாட்டுப் பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் கணவர் திரும்பி வந்து, ஆவணிக் கிணறும் இடம்கொடுத்தால் பசுவும் வரும், அநேகமாக ஒரு நாகோடு வரும்.

கொட்டில் வெறுமையாகக் கிடந்தால் மாமிக்கு மனம் கேட்காது. ஐந்து பேடு விடுங்கள், அடைக்கிற வேலையை மாமியிடமே கொடுங்கள்.

இன்னொன்று. பசுவை அவிழ்த்துக் கொடுக்கும்போது கழுத்துக் கயிற்றைக் கொடுக்காதீர்கள். அவர்கள் தங்கள் கயிற்றோடு வரட்டும். பழைய கயிறு உங்கள் கொட்டில் வளையில் தொங்க வேண்டும். லட்சுமி எங்கே என்று மாமி கேட்டால் அதைக் காட்டுங்கள். அவ காலத்துச் சட்டமும் அதுதான், மறுக்க மாட்டா.